ஐந்தரையில் ஓடவேண்டிய பம்பி

மகனே,

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீ இந்த ஆடைத் தொழிற்சாலையில் உதவிப் பொறியியலாளராகப் பொறுப்பேற்பாய். ஏற்றதும் உன்னைத் தண்ணீர்ப் பம்பி அறைக்கு அழைத்துச் செல்வார்கள். தீயணைப்பு ஏற்பாடுகள் ஒழுங்காக உள்ளன என்று அங்குள்ள படிவத்தில் நீ கையெழுத்திட வேண்டும். உன் பதவிக்குரிய முதற் கடமை அதுதான். பராமரிப்புப் பொறியியலாளனாகப் பதினாறு ஆண்டுகள் நான் இட்டுவந்த கையெழுத்துக்குக் கீழே உன்னுடையது வரும். அது வருவதற்கு முன்னர் நீ அறிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன். இரண்டு தடவை தொலைபேசியில் சொல்ல முயன்றேன். இரண்டு தடவையும் நீ "ஓம் அப்பா, சொல்லுங்கோ" என்றாய். நான் இணுவிலில் மழை பெய்ததையும் எங்கள் கிணறு நிறைந்ததையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இன்று சனிக்கிழமை. இந்தக் கடிதத்தை மாலையில் திருகோணமலை பஸ் சாரதியிடம் கொடுத்துவிடுவேன். நாளை நீ அங்கிருந்து புறப்படுவதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும். உன் அம்மாவும், நீ மணக்கப்போகும் கோபிகாவும் இதை வாசிக்கலாம். யார் வாசித்தாலும் எனக்கு மறுப்பில்லை. மறைத்தது போதும்.

பம்பி அறையில் இருந்துதான் எழுதுகிறேன். இதற்கு ஒரு கதவு உண்டு, யன்னல் இல்லை. எனக்கு எதிரே சுவரில் அமுக்கமானி தொங்குகிறது. அதன் கீழே இரண்டு பம்பிகள். பெரியது, தீ ஏற்பட்டால் மட்டும் ஓடவேண்டியது. சிறியது, ஜொக்கி பம் என்று எல்லோரும் சொல்வது, தீ இல்லாத நாட்களில் குழாய்களின் அமுக்கத்தைக் குறையவிடாமல் வைத்திருப்பது. நிலத்தடிக் குழாய்களின் மூட்டுகளில் எங்கேனும் துளித் துளியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அமுக்கமானியின் ஊசி ஆறரைக்கு இறங்கினால் சிறிய பம்பி தானாக ஓடி, ஏழுக்கு ஏற்றிவிட்டு நிற்கும். உண்மையிலேயே தீ ஏற்பட்டு, யாராவது தீயணைப்புக் குழாயைத் திறந்தால், சிறியதால் ஈடுகொடுக்க முடியாது. ஊசி ஐந்தரைக்கு விழும். அந்தக் கணத்தில் பெரிய பம்பி எவரும் தொடாமலே ஓடத் தொடங்கும். அது ஓடினால் தொழிற்சாலை முழுவதும் மணி அடிக்கும். மேல்மாடியில் தைக்கும் நானூறு பெண்களும் இறங்கி வெளியே வருவார்கள். இவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு பிள்ளைக்குக்கூட விளங்கும்.

சிறிய பம்பி இன்று காலை ஏழு நாற்பதுக்கு நின்றுவிட்டது. அச்சுத்தண்டைச் சுழலவிடும் பெயரிங் இறுகிவிட்டது. என் பையில் திருகு சாவிகளும் ஒரு பழைய பெயரிங்கும் சைக்கிள் ரியூப் துண்டும் இருக்கின்றன. ஒரு மணித்தியாலத்தில் அதை மீண்டும் ஓடவைக்க என்னால் முடியும். இன்னும் கைவைக்கவில்லை. ஊசி ஏழிலிருந்து மெல்ல இறங்குகிறது. ஐந்தரையைத் தொட இரண்டு, இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். தொடும்போது பெரிய பம்பி ஓடவேண்டும். இப்போதுள்ள நிலையில் அது ஓடாது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு தெரிவு ஆளி, திருப்பிவிடும் சுவிட்ச், உள்ளது. தன்னியக்கம், கையியக்கம் என்று அதற்கு இரண்டு நிலைகள். ஏழு மாதங்களுக்கு முன் அதைக் கையியக்கத்துக்குத் திருப்பியவன் நான். அதன் பின்னர் வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும், "ஆளி தன்னியக்கத்தில் உள்ளதா?" என்ற கேள்விக்கு நேரே "ஆம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

உனக்கு என்னைத் தெரியும். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டவில்லை என்பதற்காக மானிப்பாய்ச் சந்தியில் உன்னை இறக்கி நடக்கவைத்தவன் நான். உன் திருமண அழைப்பிதழின் அச்சுப்படியை ஓர் ஒற்றெழுத்துக்காக இரண்டு தடவை திருப்பி அனுப்பியவன். "எங்கடை அப்பாவுக்கு விதியெண்டால் சோறு மாதிரி, மூண்டு நேரமும் வேணும்" என்று நீ உன் நண்பர்களுக்குச் சொன்னதை அடுத்த அறையில் இருந்து கேட்டு உள்ளூர மகிழ்ந்தவன். அப்படிப்பட்டவன் எப்படி இதைச் செய்தான் என்று நீ கேட்பாய். நானும் ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை பம்பியில் தொடங்கவில்லை. அதற்கு வெகு முன்னரே தொடங்கியது.

எங்கள் தலைமுறைக்கு ஒரு பெருமை உண்டு. போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், உன்னிலும் இளையவனாக நான் பார்த்த ஒவ்வோர் இயந்திரமும் தனக்கு உரியதல்லாத ஏதோ ஒன்றால் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் சில துளிப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. தோட்டத்து இறைப்பு இயந்திரத்தின் வாஷர் பழைய செருப்பிலிருந்து வெட்டப்பட்டது. சைக்கிள் ரியூப் துண்டு இல்லாத வீடு இருக்கவில்லை. கட்டுவதற்கும் அதுதான், அடைப்பதற்கும் அதுதான். புதியது வேண்டும் என்று கேட்பவனைக் கையாலாகாதவன் என்று எண்ணப் பழகினோம். தடை போய்விட்டது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. ஆயினும் ஒரு பொருளை மாற்றுவதிலும் பார்க்க அதைத் திருத்தி ஓடவைப்பதில்தான் என் கைக்கு ஒரு சுகம் இருக்கிறது. இந்தச் சுகத்துக்கு நீ சிறு வயதிலேயே ஒரு தடவை விலை கொடுத்தாய். அதை நீ அறியமாட்டாய்.

உன் நாடியில், உதட்டுக்குக் கீழே உள்ள தழும்பைச் சொல்கிறேன். நீ எட்டாம் வகுப்பில் படித்தபோது உன் சைக்கிளின் பிறேக் கட்டை தேய்ந்துவிட்டது. கடைக்குப் போவோம் என்றாய். நான் ஒரு பழைய ரயரை வெட்டிப் பொருத்தினேன். காய்ந்த வீதியில் அது நன்றாகப் பிடித்தது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மழை நாளொன்றில் நீ புகையிரதக் கடவைத் தடையில் போய் மோதினாய். ஆஸ்பத்திரியில் உனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோதே நான் ஏசத் தொடங்கினேன். "ஆர் உன்னை உவ்வளவு வேகமா ஓடச் சொன்னது?" என்றேன். "நான் பிறேக் பிடிச்சனான் அப்பா" என்றாய். "பிடிச்சிருந்தால் நிண்டிருக்கும்" என்றேன். அன்று மாலை சைக்கிளைத் தனியே எடுத்துப் பார்த்தேன். ஈரத்தில் என் ரயர்த் துண்டு சில்லைப் பற்றவே இல்லை. அதைக் கழற்றி எறிந்து, கடையில் புதுக் கட்டை வாங்கிப் பூட்டினேன். உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக நீ வேகமாக ஓடிய பிள்ளையாகவே எங்கள் வீட்டுக் கதைகளில் இருந்துவருகிறாய். நீ பிறேக் பிடித்தாய், தம்பி. அது எனக்கு அன்றே தெரியும்.

இந்தச் சிறிய பம்பியின் கதையும் அதே கதைதான். நம் நிலத்துத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கின்றன. அது உள்ளே சுழலும் சில்லைத் தின்றுவிடும். பத்தாவது ஆண்டிலேயே இதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றக் கோரி மூன்று கடிதங்கள் கொடுத்தேன். பம்பியே பெரிய காரியமல்ல. இரண்டு பேர் தூக்கிவரக்கூடியது. ஆனால் அதைத் தனியே பிரித்தெடுப்பதற்கான வால்வு துருவேறி மூடாமல் நிற்கிறது. ஆகவே குழாய்த் தொகுதி முழுவதையும் வடிக்க வேண்டும். வடித்திருக்கும் இரண்டு நாளும் மேல்மாடியில் ஒருவரும் வேலை செய்யக் கூடாது என்பது விதி. அந்த இரண்டு நாளைத் தர எவருக்கும் மனமில்லை. எங்கள் முகாமையாளர் கெட்டவர் அல்லர். கொழும்புத் தலைமையகத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நசிபடுபவர். மூன்றாவது கடிதத்தை வாசித்துவிட்டு அவர் சிரித்தார். "ஐசே, உம்மடை கை இருக்குமட்டும் புதுப் பம் என்னத்துக்கு? கொழும்பாலை வந்த எஞ்சினியர்மாரே உம்மடை வேலையைப் பாத்து வாயைப் பிளந்தவங்கள்." நான் கோபப்பட்டிருக்க வேண்டும். மகிழ்ந்துபோனேன். அன்று பின்னேரமே கசிந்த இடத்தில் சைக்கிள் ரியூபை வெட்டி அடைத்தேன். என் ஒவ்வொரு திருத்தமும் நான் எழுதிய கடிதங்களைப் பொய்யாக்கியது. ஓடுகிற பம்பியை மாற்று என்று எவரிடம் வற்புறுத்துவது?

பம்பி இயக்குநர் யோசேப்பு அண்ணை, கொழும்புத்துறையில் இருந்து வருபவர், என்னிலும் மூத்தவர், தகப்பனோடு கடலுக்குப் போய் இயந்திரம் பழகியவர், அப்போதே சொன்னார்: "சேர், உது பம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடக்கிற கிழவன். நீங்கள் கிழமைக்குக் கிழமை சேலைன் ஏத்திறியள், அவரும் சாகாமல் கிடக்கிறார். போட் எஞ்சினை இப்பிடி வைச்சிருந்தால் நடுக்கடலிலை நிண்டு அந்தோனியாரைத்தான் கூப்பிட வேணும்." நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஊசி ஆறரைக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில் சிறியது ஓடியிருக்க வேண்டும். அது கிடக்கிறது.

ஏழு மாதங்களுக்கு முன், ஒரே கிழமையில் இரண்டு தடவை சிறியது நின்றது. அமுக்கம் விழுந்தது, விதிப்படி பெரியது ஓடியது, மணி அடித்தது. தீ எங்கும் இல்லை. முதல் நாள் நானூறு பேரும் வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். இரண்டாம் நாள் இறங்கும்போது சுன்னாகத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பிள்ளை படியில் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்று கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகள் போகவில்லை. மறுநாள் நான் மேல்மாடிக்குப் போனபோது ஒருத்தி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "சேர், இண்டைக்கு எத்தினை மணிக்கு அடிப்பியள்? பத்து மணித் தேத்தண்ணியோடை அடிச்சால் எங்களுக்கும் வசதி." "சும்மா இரடி, சேருக்குக் கோவம் வரப்போகுது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். முழு வரிசையும் சிரித்தது. முகாமையாளர் சிரிக்கவில்லை. "இன்னொருக்கால் அடிச்சால் கொழும்பிலை இருந்து எனக்கு அடிக்கிற மணி வேறை மாதிரி இருக்கும். என்ன செய்வீரோ தெரியாது ஐசே, அது அடிக்கப்படாது" என்றார். ஆளியைத் திருப்பு என்று அவர் சொல்லவில்லை. அப்படி ஓர் ஆளி இருப்பதே அவருக்குத் தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு மட்டும் என்று திருப்பினேன்.

இரண்டு நாளில் சிறியதைத் திருத்திவிட்டேன். ஆளியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கை நீண்டது. மறுபடி அது நின்றால் மறுபடி மணி அடிக்கும் என்று எண்ணிக் கையை எடுத்தேன். முறிந்த மணிக்கட்டை நினைத்தேன். அதை ஒரு நியாயமாகப் பிடித்துக்கொண்டேன். யோசேப்பு அண்ணை பகல் முழுவதும் இங்கேதானே இருக்கிறார், தீ என்றால் கையால் ஓடவிடுவார் என்று சொல்லிக்கொண்டேன். பிற்பகல் ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனபின் இரண்டாம் வேளை முறைக்காரர் நூற்றைம்பது பேர் மேலே தைக்கிறார்கள் என்பதை நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை படிவத்தில் "ஆம்" என்று எழுதினேன். முதல் "ஆம்" எழுதத்தான் நேரம் எடுத்தது. பம்பி அறையின் மேலதிகச் சாவி வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆளியை வேறெவரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்தச் சாவியையும் எடுத்து என் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டேன்.

ஐந்து கிழமைக்கு முன் நடந்ததை நீ அறிவாய். அதன் ஒரு பாதியை மட்டும் அறிவாய். மதியச் சாப்பாட்டு நேரம். நான் வாயிலடியில் ஓர் ஒப்பந்தகாரருடன் கதைத்துக்கொண்டு நின்றேன். மேல்மாடியில், துணி அழுத்தும் பகுதியில் இருந்து "புகை! புகை!" என்று கத்தினார்கள். நான் இங்கே ஓடிவந்தேன். கதவு பூட்டியிருந்தது. யோசேப்பு அண்ணை சாவியோடு சாப்பாட்டு அறைக்குப் போயிருந்தார். மற்றச் சாவி கட்டடத்தின் மறுகோடியில், என் மேசை லாச்சிக்குள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன்; அதில் வெறும் ஆணி இருந்தது. கதவை இரண்டு கையாலும் தள்ளினேன், மகனே. எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைக்கும் எனக்கு அது மட்டும் தெரியாது. யோசேப்பு அண்ணை சோற்றுக் கையோடு ஓடிவந்து திறந்தபோது மேலே யாரோ தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டதால் ஊசி நான்கில் நின்றது. பெரிய பம்பி அசையாமல் கிடந்தது. அதற்குள் மேலே எல்லாம் முடிந்திருந்தது. கழிவுத் துணிச் சாக்கு ஒன்று புகைந்திருக்கிறது. அங்கே தைக்கும் கோபிகாவும் இன்னொரு பிள்ளையும் கழுவும் இடத்துத் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றி அணைத்துவிட்டார்கள். அவள் கை நிறையக் கரியோடு கீழே வந்து, வேலைத்தலத்தில் வழமையாகச் சொல்லும் "சேர்" என்பதை மறந்து, "மாமா, ஏன் உங்களுக்கு இப்பிடி மூச்சு வாங்குது?" என்று கேட்டாள்.

அன்று மாலை நீ தொலைபேசியில் சிரித்தாய். "அப்பா, ரெண்டு வாளித் தண்ணியோடை அலுவல் முடிஞ்சுதாம். மாமாவின்ரை பெரிய பம்மை நித்திரையாலை எழுப்பத் தேவையில்லாமல் போச்சுதெண்டு கோபிகா பகிடி விடுறா" என்றாய். நானும் சிரித்தேன். அம்மா கூடச் சிரித்தாள். வாளியில் தண்ணீர் இல்லாதிருந்தால் என்ற நினைவோடு அந்த இரவு சாப்பிட உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன். வயிற்றுக்கு ஆகவில்லை என்றேன்.

அதற்குப் பிறகாவது ஆளியைத் திருப்பியிருப்பேன் என்று நீ எதிர்பார்ப்பாய். அடுத்த கிழமை முகாமையாளர் அழைத்தார். எங்கள் ஆடைகளை வாங்கும் வெளிநாட்டுக் கொள்வனவாளரின் பரிசோதகர் வருகிறார். அதற்கு முன் தீயணைப்பு ஏற்பாடுகளுக்கான வருடாந்தச் சான்றிதழில் நான் கையெழுத்திட வேண்டும். தாள் மேசையில் கிடந்தது. அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. "மகன் இப்ப எங்கை நிக்கிறார்?" என்று கேட்டார். "திருகோணமலையிலை, சேர். ஒப்பந்த வேலை." "கலியாணமும் செய்யப்போற பிள்ளை, என்னத்துக்கு அங்கை கிடந்து உலையிறார்? இஞ்சை உதவி எஞ்சினியர் இடம் ஒண்டு சும்மா கிடக்கு. நாளைக்கே கடிதம் அடிக்கச் சொல்லுறன்." பிறகு பேனையை என் பக்கம் உருட்டிவிட்டு, "உதையும் ஒருக்கால் பாத்துவிடும்" என்றார். இரண்டையும் அவர் தொடுத்துச் சொல்லவில்லை. ஒன்றுக்கு மற்றது என்று கேட்கவும் இல்லை. அவர் கேட்காததை நான்தான் கொடுத்தேன். கையெழுத்திட்டுவிட்டு நன்றி சொன்னேன். உன் நியமனக் கடிதம் மறுநாள் காலை வந்தது.

உன் அம்மா அதைச் சாமியறையில் வைத்தாள். கந்தசுவாமி கோயிலில் உன் பெயருக்கு அருச்சனை செய்துவிட்டு வந்து, "இனிப் பிள்ளையின்ரை சாப்பாட்டை நான் பாப்பன். நீங்கள் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்? உங்களுக்கு ஒண்டும் சந்தோசமா வராதே?" என்று ஏசினாள். தூர இடத்து மாப்பிள்ளை என்று ஒரு வருடமாக நாளைத் தள்ளிவந்த கோபிகாவின் தகப்பனார், இரண்டு நாளில் தாமாகவே மானிப்பாயில் இருந்து வந்து ஆவணியில் நாள் வைத்துவிட்டார். எல்லோருடைய மகிழ்ச்சியும் என் ஒரு கையெழுத்தில் தொங்குவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதகர் வந்தார், நான் பம்பி அறையைக் காட்டினேன். அவர் வந்த அன்று காலையில் ஆளியைத் தன்னியக்கத்தில் வைத்துவிட்டு, அவர் போனபின் மறுபடி திருப்பினேன். அந்தச் சில மணித்தியாலம் சிறிய பம்பி நிற்காமல் இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டினேன். இவ்வளவு கீழே நான் இறங்கினேன் என்பதையும் நீ அறிந்துகொள்.

வழிகளை எண்ணிப் பார்த்தேன். பதவி விலகலாம், அப்போது இந்தப் படிவமும் இந்த ஆளியும் ஒன்றும் அறியாத உன் கைக்கு வரும். கொள்வனவாளருக்கு எழுதலாம், அவர்களின் கொள்வனவுக் கட்டளைகள் நின்றால் மூடப்படுவது முகாமையாளரின் அறை அல்ல, மேல்மாடி. அங்கே தைக்கும் பிள்ளைகளின் எத்தனையோ வீடுகளில் உழைப்பவள் அந்தப் பிள்ளை ஒருத்திதான். கோபிகாவின் வீடும் அப்படித்தான். ஒன்றும் செய்யாமல் விடலாம். அப்படியானால் ஒவ்வொரு நாளும் அவள் ஏறும் படியை நான் கீழே நின்று பார்க்க வேண்டும். உன்னிடம் சொல்லாமல் நீ வந்தபின் நானே சிறியதைத் திருத்தித் திருத்தி ஓட்டலாம். அப்போது உனக்குக் கிடைப்பது என் பதவி அன்று, என் பூட்டிய கதவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவரில் முட்டுகிறேன். அவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்.

இப்போது ஊசி ஆறு. சற்று முன் யோசேப்பு அண்ணை தேநீர் கொண்டுவந்தார். கிடக்கும் பம்பியையும், திறக்காத என் பையையும், எழுதும் தாள்களையும் பார்த்தார்.

"என்ன சேர், இண்டைக்குக் கிழவனுக்குச் சேலைன் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப செத்துப் போவார்."

"சாகட்டும்."

அவர் பெரிய பம்பியின் பெட்டியைக் கண்ணால் காட்டினார். "அப்ப உவர்?"

அவர் வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். "சேர், உந்தப் படிவத்திலை உங்கடை கையெழுத்துக்குப் பக்கத்திலை என்ரை கையெழுத்தும் இருக்கு. நான் வாசிக்காமல் வைச்சனான் எண்டு சொல்லேலாது. வாசிச்சுத்தான் வைச்சனான். எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் கிடக்கு, ஏன் வாயைத் திறப்பான் எண்டு இருந்திட்டன்" என்றார். "அண்டைக்குக் கதவைத் திறந்த உடனை நான் உந்த ஆளியைத்தான் பாத்தனான். நீங்கள் ஊசியைப் பாத்துக்கொண்டு நிண்டியள்."

ஏழு மாதமாக நான் ஒருவனே இந்த அறைக்குள் அடைபட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரும் உள்ளேதான் இருந்திருக்கிறார். திங்கட்கிழமை மூன்றாவது ஆளாக நீ வருவாய். அதை எண்ணியபோது எழுந்தேன்.

"அண்ணை, மேலை போங்கோ. கொஞ்ச நேரத்திலை மணி அடிக்கும், தீ இல்லை, ஆனால் எல்லாரும் இறங்க வேணுமெண்டு சொல்லுங்கோ. ஓடவேண்டாம், அயன் பெட்டியளை நிப்பாட்டிப்போட்டு ஆறுதலா இறங்கட்டும். படியடியிலை நீங்களே நில்லுங்கோ."

"முகாமையாளர் கேட்டால்?"

"பம் அறையிலை நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

கதவடியில் நின்று திரும்பினார். "கலியாணம் ஆவணியிலை தானே சேர்?" என்றார். ஓம் என்றேன். "அப்ப நான் சட்டை தைக்கலாமோ, பொறுக்கட்டோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

ஆளியைத் தன்னியக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். கால் திருப்பம், அவ்வளவுதான். என் மேசை லாச்சிக்குள் இருந்த சாவியை எடுத்துவந்து கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட்டேன். பிறகு பழைய படிவங்களை எடுத்தேன். பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் வெட்டி, சரியானதைப் பக்கத்தில் எழுதி, திருத்திய நாளையும் சுருக்கொப்பத்தையும் இட வேண்டும் என்பது விதி. உனக்கும் அதைச் சொல்லித் தந்திருக்கிறேன். அப்படியே ஒவ்வொரு "ஆம்" என்பதையும் வெட்டி "இல்லை" என்று எழுதினேன். யோசேப்பு அண்ணையின் கையெழுத்துகளைத் தொடவில்லை, அவை அவருடையவை. வருடாந்தச் சான்றிதழை மீளப்பெறுவதாக ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முகாமையாளருக்கு ஒன்று, தலைமையகத்துக்கு ஒன்று, சான்றிதழை நம்பிப் போன பரிசோதகருக்கு ஒன்று. அதில் ஒரே ஒரு கோரிக்கை: இரண்டு நாள். இன்றிலிருந்து சிறியது கிடக்கும்வரை, ஊசி விழும் ஒவ்வொரு தடவையும் பெரியது ஓடும்; மணி அடிக்கும்; எல்லோரும் இறங்குவார்கள். திருத்தித் திருத்தி நான் மூடிவைத்ததை இனி இந்த மணி ஒவ்வொரு நாளும் எல்லோருக்கும் சொல்லும். ஒன்றில் அந்த இரண்டு நாளைத் தருவார்கள், இல்லையேல் என்னை அனுப்பிவிட்டு ஆளியை மறுபடி திருப்ப ஒருவனைத் தேடுவார்கள். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. என் மனம் இலேசாகிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பம், அது உண்மையல்ல. உன் அம்மாவிடம் மாலையில் என்ன சொல்வேன் என்று இப்போதும் தெரியவில்லை.

உன் நியமனம் திங்கட்கிழமையும் செல்லுபடியாக இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். இருந்தால், வருவதா வேண்டாமா என்பதை நீயே முடிவுசெய். வந்தால் என் மகனாக இந்த அறைக்குள் வராதே. படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வா. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் உள்ள பொருளைப் பார், தொடு, பிறகு எழுது. "இல்லை" என்று எழுதவேண்டி வந்தால், அந்தத் தவறுக்கு உரியவரின் பெயர் கேட்கும் இடத்தில் என் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுது. அதனால் எனக்கு உன்மேல் வருத்தம் வராது. பிறேக் பிடித்த பிள்ளையை ஏசியவன், அந்த ஒரு வரியைக் கண்டால் ஆறுவான்.

பையில் இருந்த சைக்கிள் ரியூப் துண்டை என் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்த அறையில் தேடாதே. உனக்கு அது இங்கே கிடைக்காது.

ஊசி ஐந்தே முக்காலைத் தாண்டிவிட்டது. மேலே தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்பது இங்கே கேட்கிறது. யோசேப்பு அண்ணை சொல்லிவிட்டார். கதவை அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறேன். இங்கிருந்து படியின் அடி தெரிகிறது. கோபிகா முன்வரிசையில் வருகிறாள். தன் பக்கத்தில் வரும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இறக்குகிறாள். அது மணிக்கட்டு முறிந்த பிள்ளை என்று நினைக்கிறேன்.

ஐந்தரை. ஓடத் தொடங்கிவிட்டது. இந்தச் சத்தத்தில் இனி எழுத முடியாது.

அப்பா